துலா மிதித்தவனுடைய சீனி வருத்தம்

அருளம்பலத்தின் உடம்பு பொய் சொல்கிறது என்பது கனகாம்பிகைக்கு அவன் தேத்தண்ணி குடித்த அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். இடது உள்ளங்கையில் ஒரு பனங்கட்டித் துண்டு. ஒரு கடி, ஒரு மிடறு. சீனி வருத்தக்காரர் பனங்கட்டியைத் தொட்டால் களவாகத்தான் தொடுவார்கள். நுனியைக் கிள்ளி வாய்க்குள் போட்டுவிட்டு, யாராவது கண்டார்களோ என்று நாலுபக்கமும் பார்ப்பார்கள். இவனோ நறுக்கென்று கடித்தான். கடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

"அருளம்பலம், உமக்கு உது கூடாதெல்லோ?"

அவனுடைய கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. கண்கள் ஒருமுறை குசினிப் பக்கம் போய் வந்தன. "துலா மிதிச்சால் எல்லாம் போயிடும், மிஸ்," என்றான்.

வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே காதைப் பிடித்திருப்பார்கள். கனகாம்பிகைக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. படித்தவர்களைப் பேய்க்காட்டுவது எவ்வளவு லேசு என்று பாருங்கள். அவர்கள் எதைக் கேட்க ஆசைப்பட்டு அலைகிறார்களோ அதைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே செய்து முடித்துவிடுவார்கள்.

அவள் கேட்க ஆசைப்பட்டது இதுதான்: நீரிழிவுக்காரர் மலை ஏறலாம். அவளுடைய படிப்பு, உத்தியோகம், பட்டம் எல்லாம் இந்த ஒரு வசனத்தைச் சுற்றித்தான். உடற்பயிற்சி பற்றிய விஞ்ஞானம் படிக்கச் சீமைக்குப் போனாள். மலையில் ஏறுகிற உடம்புக்கு என்ன நடக்கிறது, தீராத வருத்தம் உள்ள உடம்பு அதே மலையில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கி வந்தாள். மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நல்ல வேலை. கதவைத் திறந்தால் மலை. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தோடு அதெல்லாம் போயிற்று. அகதிக் கப்பலில் கொண்டுவந்து காங்கேசன்துறையில் இறக்கினார்கள். ஒரு சீலைப் பையோடு இறங்கினாள்.

பிறகு யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளர். மலை ஏறுவதைப் பற்றிப் படிப்பிக்க வாய்த்த ஊரைப் பாருங்கள்! கண்ணுக்கெட்டிய தூரத்துக்குத் தோசைக்கல் மாதிரிச் சப்பட்டை. ஆக உயரமான இடம் கோயில் கோபுரம், அதிலும் கும்பாபிஷேகத்துக்குக் கலசம் வைக்கிறவன்தான் ஏறுவான். கூட வேலை செய்தவர்கள் அவளை 'மலை மிஸ்' என்று முதுகுக்குப் பின்னால் பகிடி பண்ணினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

தொண்ணூறுக்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, இறைப்பு மெசின்கள் ஊமையாகிவிட்டன. தோட்டக்காரர்கள் கைவிட்டுக் கிடந்த துலாக்களை மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். ஒரு நாள் நீர்வேலிப் பக்கம் சைக்கிளில் போகும்போதுதான் கனகாம்பிகை அதைக் கண்டாள். கிணற்றடியில் நட்ட இரண்டு மரக்கால்களுக்கு நடுவே ஊஞ்சல்போல் ஆடும் நீளமான பனைமரம். அதன் மேல் ஒரு மனிசன் நடந்துகொண்டிருந்தான். கிணற்றுப் பக்கம் நடந்தால் வாளி தாழ்கிறது, மற்ற முனையான வால் பக்கம் நடந்தால் நிறைந்து மேலே வருகிறது. ஓயாத ஏற்றமும் இறக்கமும். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். தேடித் திரிந்த மலை வாழைத்தோட்டத்துக்குள் நின்று அவளைப் பார்த்துத் தலையாட்டியது.

அப்படித்தான் அந்த ஆய்வு தொடங்கியது. ஊசி மருந்து இல்லாமல் உயிர் தங்காத வகை நீரிழிவுக்காரர் சிலரைச் சேர்த்து, கிழமைக்கொரு தரம் துலா மிதிக்க வைத்து, வாயில் குழாயைப் பொருத்தி அவர்கள் விடும் மூச்சை ஒரு பெரிய ரப்பர் பைக்குள் பிடிப்பாள். ஊருக்குள் கதையோ கதை. மூச்சைப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்கினமாம் என்றார்கள். இல்லை, எந்தப் பெடியனுக்கு எவ்வளவு வலு இருக்கென்று பார்த்து சண்டைக்கு ஆள் பிடிக்கிற யாருக்கோ பேர் கொடுக்கினமாம் என்றார்கள். அது அப்படிப்பட்ட காலம். பக்கத்து வீட்டுக்காரன் தும்மினாலும் ஏன் தும்மினான் என்று யோசிக்கிற காலம். ஆனாலும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஏனென்றால் ஆஸ்பத்திரியில் கிடைக்காத இன்சுலின், ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு நிவாரணக்காரர் மூலமாக நிச்சயம் கிடைத்தது.

சேர்ந்தவர்களில் மற்ற எல்லோரும் எதிர்பார்த்த மாதிரித்தான். கொஞ்ச நேரம் மிதித்ததும் இளைத்தார்கள், வேர்த்தார்கள், இறங்கினார்கள். அருளம்பலம் மட்டும் ஏறினால் இறங்க மனமில்லாமல் மிதித்தான். மூச்சுக் கணக்கு, நாடித் துடிப்பு எல்லாம் சுகதேகியினுடையது. ஆனால் அவன் காலையில் போத்தலில் கொண்டுவந்து தருகிற சிறுநீரில் சீனி இருந்தது. நீல மருந்தோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் பச்சையாகும், சில நாள் செங்கல் நிறமாகவே மாறும். சீனி நிறைந்த உடம்பு, சிங்கம் மாதிரி மிதிக்கிறது! சுவிற்சர்லாந்தில் மலை மருத்துவ மாநாடு நடத்துகிறவர்கள் அவளுடைய கடிதத்தால் இந்த ஒருவனைப் பற்றி அறிந்ததும் அவளை வரச்சொல்லி எழுதினார்கள். மாநாடு முடிந்த பிறகும் அங்கேயே தங்கி ஆராயலாம், இடமும் இருக்கிறது என்றார்கள். முழுக் கட்டுரையையும் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளாலிக் கடலேரியால் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அருளம்பலம் உண்மையென்றால் அவளுக்கு வழி திறக்கும். பொய்யென்றால் இந்தச் சப்பட்டை நிலத்திலேயே கிடந்து சாகவேண்டியதுதான்.

ஆய்வுகூடத்தில் அவளுக்கு உதவியாளர் பரமலிங்கம். சந்தேகப்படுவது அவருக்கு இரண்டாவது உத்தியோகம். சம்பளம் என்னவோ முதலாவதுக்குத்தான், மனமொத்துச் செய்வது இதைத்தான். ஒருநாள் பரிசோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொடங்கினார்.

"மிஸ், செங்கல் நிறம். இவ்வளவு சீனியோடை ஒருத்தன் எழும்பி நடப்பனோ? இவன் துலாவிலை கூத்தாடுறான்."

"சில உடம்பு அப்பிடி, பரமலிங்கம்."

"அப்பிடி ஒரு உடம்பும் இல்லை. நான் சொல்லுறன், இவன் மருந்தைப் போடுறேல்லை. விக்கிறான். ஒரு குப்பிக்கு என்ன விலை எண்டு தெரியுமே உங்களுக்கு? போடாதபடியால்தான் சீனி ஏறிக் கிடக்கு."

"போடாட்டில் ஆள் படுத்திடும். மிதிக்கேலாது."

"அதுதானே நானும் கேக்கிறன்!" என்றார் பரமலிங்கம், ஏதோ வழக்கில் வென்றவர் மாதிரி.

அன்றிரவு அவளுக்கு நித்திரை வரவில்லை. பரமலிங்கத்தின் வாயில் இருந்து வந்தால் எதையும் தள்ளிவிடலாம், தன் மனதுக்குள் இருந்து வருவதை எங்கே தள்ளுவது? ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஊசி எங்கே போடுறனீர் என்று கேட்டபோது 'துடையிலை' என்றான். துடையைக் காட்டும் என்று ஒரு பொம்பிளை கேட்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். மருந்துக் குப்பியை வாங்கும்போது தனக்கென்று வாங்குகிறவன் மாதிரி வாங்குவதில்லை, கோயிலில் பிரசாதம் வாங்குகிறவன் மாதிரி இரண்டு கையாலும் பொத்தி வாங்குவான். அவள் வந்து இறங்கினால் தங்கச்சிக்காரி குணலட்சுமி தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் ஒளிந்துகொள்வாள், வாய் திறக்கமாட்டாள். அண்ணன் களவு செய்கிறான் என்று அவளுக்கும் தெரியும்போல.

இன்னொன்றும் இருந்தது, அதை அவள் தனக்கே ஒத்துக்கொள்ள விரும்பவில்லை. அவன்மேல் எரிச்சல். அவளுக்கும் அதே வருத்தம்தான். பத்தொன்பது வயதில் இருந்து. இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மாணவியாக இருந்தபோது சிவனொளிபாதமலையில் கூட்டாளிகளோடு ஏறி, பாதி வழியில் முன்னால் போவதா பின்னால் போவதா என்று தெரியாமல் மலைத்து நின்று, விழுந்து, சாக்கில் போட்டுத் தூக்கி இறக்கப்பட்டாள். வயிற்றுக்குத்து என்று பொய் சொன்னாள். அதற்கு முன்பு ஒரே ஒரு தரம் உண்மை சொல்லப்பட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளுடைய அப்பா மனச்சாட்சிக்காரராக வாயைத் திறந்தார். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. வேலைக்கு எடுத்தவர்களுக்கும் சொல்லவில்லை. கொழும்பில் இருக்கிற அக்கா ஆள் மூலம் ஒளித்து அனுப்புகிற மருந்தைக் கக்கூசுக் கதவைப் பூட்டிக்கொண்டு போடுவாள். தன் உடம்பு செய்யாததை இந்த நீர்வேலிக்காரன் எப்படிச் செய்கிறான்? அந்தக் கேள்வி அவளைக் கறையான் மாதிரி அரித்தது.

வெள்ளிக்கிழமை காலை பரமலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அருளம்பலம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் ஆயத்தமாக நின்றான். தாய் தகப்பன் இல்லாத வீடு, அண்ணனும் தங்கச்சியும் மட்டும். கிணறு பங்குக் கிணறு. பக்கத்து வளவுக்காரி சிவக்கொழுந்து, அவளுக்கும் அதில் முறை உண்டு, குடத்தோடு வந்து கமுகடியில் குந்தியிருந்தாள். நோர்வேயில் இருக்கிற தன் தங்கை மகனுக்குக் குணலட்சுமியைப் பெண் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அதனால் அந்த வளவுக்குள் என்ன நடந்தாலும் அவளுடைய கண்ணுக்கு அலுவல் இருந்தது.

"தங்கச்சி எங்கை?" என்று கனகாம்பிகை கேட்டாள்.

"சங்கக்கடைக்கு, மிஸ். மா குடுக்கினமாம்."

"காலமை ஊசி போட்டாச்சோ?"

"இனித்தான்."

"நல்லதாப் போச்சு. எனக்கு முன்னாலை போடும். பேந்து மிதிக்கலாம்."

அருளம்பலத்தின் முகத்தில் இருந்து ரத்தம் வடிந்துபோனதை அவள் கண்டாள். பரமலிங்கமும் கண்டார். கண்டு, கனகாம்பிகையைப் பார்த்து புருவத்தைத் தூக்கினார்.

"நான் பேந்து போடுறன் மிஸ். எனக்கு ஆக்களுக்கு முன்னாலை..."

"கட்டுரை ஞாயிற்றுக்கிழமை போகுது. நீர் மருந்து போடுறதை நான் கண்ணாலை காணவேணும். காணாட்டில் உம்மடை பேரை வெட்டவேண்டி வரும். மருந்தும் இல்லை."

மருந்தும் இல்லை என்ற அந்தச் சொல்லை அவள் வேண்டுமென்றே அழுத்திச் சொன்னாள். அது எங்கே போய்க் குத்தியது என்பது அவளுக்குத் தெரியாது. அருளம்பலம் சிவக்கொழுந்தைப் பார்த்தான். அவள் வெற்றிலையை மென்றுகொண்டு இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே போய் ஈரத்துணி சுற்றிய மருந்துக் குப்பியையும் ஊசியையும் கொண்டுவந்தான்.

"சாப்பிட்டனீரோ?"

"ஓம். சாப்பிட்டனான்."

குப்பியின் அடியில் ஒரு தரத்துக்கு மட்டும்தான் இருந்தது. அவன் அதைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுத்தான். காற்றுக் குமிழைச் சுண்டி எடுத்தான். எவ்வளவு என்று கேட்டபோது யோசிக்காமல் அளவைச் சொன்னான். மருந்து இழுத்த கை பழகிய கை. ஆனால் துடையை விட்டு வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு குத்தப் போனபோது அதே கை ஊசியை ஒருமுறை வைத்து எடுத்து மறுபடி வைத்தது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். கனகாம்பிகை அதைக் கண்டாள், பிழையாக விளங்கிக்கொண்டாள். விற்கிறவன், போட்டுப் பழகாதவன், அகப்பட்டுப் போனான் என்றுதான் நினைத்தாள். அவளுக்கு ஒரு கொடிய சந்தோஷம் கூட வந்தது.

வாயில் குழாயைப் பொருத்தி, மூக்கைக் கிளிப்பால் அடைத்து, ரப்பர் பையை முதுகில் கட்டி அவனைத் துலாவில் ஏற்றிவிட்டார்கள். பரமலிங்கமும் தோட்டக்காரன் பிள்ளைதான். காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கிணற்றுக்கட்டில் நின்று வாளி கவிழ்த்தார். தண்ணீர் வாய்க்காலில் விழுந்து செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வாழைகளுக்குப் போயிற்று. அருளம்பலம் வழக்கம்போல மிதித்தான். முன்னுக்கு, பின்னுக்கு. முன்னுக்கு, பின்னுக்கு. வழக்கத்தைவிடக் கெதியாகக்கூட மிதித்தான், எதையோ முடித்துவிட்டு ஓடவேண்டும் என்கிற அவதி மாதிரி.

தூரத்து வாழைகளுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்த நேரம் அவன் வேர்க்கத் தொடங்கினான். வெயிலில் மிதிக்கிறவன் வேர்க்கத்தான் செய்வான். ஆனால் இது வேறு வேர்வை, குளித்துவிட்டு வந்தவன் மாதிரி நெற்றியிலிருந்து வழிந்தது. பரமலிங்கம் வாளியைக் கவிழ்த்துவிட்டு, "என்ன காணும், போமன்!" என்று சத்தம் போட்டார். அருளம்பலம் நடந்தான். துலாவின் நடுவுக்கு வந்தான். நின்றான்.

ஒரு காலைக் கிணற்றுப் பக்கம் வைத்தான், எடுத்தான். வால் பக்கம் வைத்தான், எடுத்தான். முன்னால் போவதா பின்னால் போவதா என்று தெரியாமல் அந்த உயரத்தில் மலைத்து நின்றான். குழாய் அடைத்த வாயால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அந்த நிற்பைக் கனகாம்பிகைக்குத் தெரியும். உலகத்தில் அவளைவிட வேறு யாருக்கும் அவ்வளவு வடிவாகத் தெரியாது.

"இருந்திடும்! அருளம்பலம், அப்பிடியே குந்தி இருந்திடும்!" கிணற்றுக்குள் எதிரொலிக்கிற மாதிரிக் கத்தினாள். "முன்னுக்கு வைக்காதையும்! பரமலிங்கம், கயித்தைத் தளர்த்துங்கோ!"

நல்ல காலம், காது கேட்டது. அவன் குந்தினான், குந்தினான் என்பதைவிட முழங்கால் மடிந்து விழுந்து மரத்தைக் கட்டிப்பிடித்தான். பரமலிங்கம் கயிற்றை மெல்ல மெல்ல விட, பாரக்கல் கட்டின வால் தன்பாட்டில் கீழே இறங்கியது. அவன் வழுக்கிக்கொண்டு வந்து அவளுடைய கைகளில் விழுந்தான். உடம்பு பச்சைத்தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தது. அவள் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கைப்பையைத் திறந்து, கடதாசியில் சுற்றி எப்போதும் வைத்திருக்கிற பனங்கட்டியைக் கடித்து உடைத்து அவனுடைய பற்களுக்கிடையில் தள்ளினாள்.

"சப்பும்! அருளம்பலம், நித்திரை கொள்ளாதையும், சப்பும்!"

அவன் சப்பினான். சிவக்கொழுந்து குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஐயோ, என்ன நடந்தது தம்பிக்கு?"

அந்த நேரம் பார்த்துத்தான் வேலிப் படலை திறந்தது. குணலட்சுமி மாப்பையோடு வந்தாள். நிலத்தில் கிடக்கிற அண்ணனைக் கண்டாள். பிறகு கிணற்றுக்கட்டில் கிடந்த ஊசியையும் வெறும் குப்பியையும் கண்டாள். பை கையிலிருந்து விழுந்து மா கொட்டியது.

"ஆருக்குப் போட்டனீங்கள்? அண்ணைக்கோ? ஐயோ, அண்ணைக்குப் போட்டனீங்களோ!"

"அவருக்குத்தானே மருந்து..." என்று பரமலிங்கம் தொடங்கினார்.

"வாயை மூடு," என்று அருளம்பலம் முனகினான், பரமலிங்கத்தை அல்ல, தங்கச்சியை. "குணம், வாயை மூடு. சிவக்கொழுந்து மாமி நிக்கிறா."

"நிக்கட்டும்! நீ செத்தாப் பிறகு எனக்கென்னத்துக்குக் கலியாணம்?" அவள் கனகாம்பிகையின் முன்னால் வந்து முழந்தாளில் விழுந்தாள். "மிஸ், அண்ணைக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் எனக்கு. மருந்து எனக்கு. போத்தலிலை வந்ததும் என்ரைதான். இண்டைக்கு வெள்ளி, அவர் விரதம், பச்சைத்தண்ணி வாயிலை படேல்லை! என்ரை கலியாணம் ஒப்பேறவேணும் எண்டு சந்நிதி முருகனுக்குப் பிடிக்கிறார். எவ்வளவு போட்டவர்? எல்லாமோ?"

கனகாம்பிகைக்கு அந்தத் தேத்தண்ணி, அந்தப் பனங்கட்டி, அந்தப் பொத்திய கைகள் எல்லாம் ஒன்றாக வந்து விளங்கின. சாப்பிட்டனீரோ என்று கேட்டதற்கு அவன் சொன்ன 'ஓம்' விளங்கியது. விரதம் என்று சொன்னால் சீனி வருத்தக்காரன் ஏன் விரதம் பிடிக்கிறான் என்று கேள்வி வரும், அதற்காகச் சுகதேகியான ஒருவன் வெறுவயிற்றில் விசத்தை ஏற்றிக்கொண்டு கிணற்றுக்கு மேலே ஏறினான். ஏற்றியது அவள். அவளுக்கு அவனுடைய கன்னத்தில் அறையவேண்டும் போலவும் காலில் விழவேண்டும் போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் பனங்கட்டித் தண்ணி கரைத்துக் கொண்டுவரச் சொன்னாள். அதைக் குடிக்க வைத்து, சோறு தின்ன வைத்து, முகத்தில் ரத்தம் ஓடும்வரை நாடியைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தாள்.

மத்தியானம் ஆகும்போது ஆள் எழும்பி இருந்தான். அப்போதுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. குப்பியில் இருந்த கடைசி மருந்து இவனுடைய உடம்புக்குள் போயிற்று.

"குணலட்சுமி, நீர் இண்டைக்கு ஊசி போடேல்லையோ?"

"கடையாலை வந்து போடுவம் எண்டு இருந்தனான்." அவளுடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது. வந்ததில் இருந்து குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பரமலிங்கம், எங்கடை அறையிலை மருந்து கிடக்கோ?"

"ஒரு குப்பியும் இல்லை மிஸ். அடுத்த நிவாரணக் கப்பல் வந்தால்தான்."

கனகாம்பிகை கைப்பையைத் திறந்து, பனங்கட்டி இருந்த அறைக்குப் பின்னால் இருக்கிற மற்ற அறைக்குள் கையை விட்டு, ஈரத்துணி சுற்றின ஒரு குப்பியை எடுத்தாள். அதில் இருந்தது அக்கா அடுத்த ஆளை அனுப்பும்வரைக்கும் அவள் ஒருத்திக்கே போதாது.

பரமலிங்கத்தின் கண் குப்பியில் விழுந்தது. குப்பியில் இருந்து அவளுடைய முகத்துக்கு ஏறியது. இத்தனை வருசம் வேலை செய்தும் அவள் அந்தச் சந்தேகப் பார்வையை மற்றவர்கள்மேல் விழத்தான் கண்டிருந்தாள்.

"உது எங்கத்தையான் மருந்து, மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டார். "எங்கடை கணக்கிலை இல்லாத மருந்து?"

கேட்கமாட்டாரா பின்னே? ஏன், அவளும் அருளம்பலத்தை இப்படித்தானே பார்த்தாள்?

"என்ரை," என்றாள் கனகாம்பிகை. "எனக்குத்தான். எனக்கும் இதே வருத்தம். பத்தொன்பது வயதிலை இருந்து."

பரமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு ஊசியைக் கொதிக்க வைக்க அடுப்படிக்குப் போனார். குணலட்சுமி சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு சிவக்கொழுந்துக்கு நேரே திரும்பி நின்றாள். கனகாம்பிகை அந்தக் கையில் ஊசியைப் போட்டாள். அங்கே பழைய ஊசித் தழும்புகள் இருந்தன. அவளுடைய சொந்தக் கையிலும் இப்படித்தான்.

சிவக்கொழுந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றினாள். படலை மட்டும் போனாள். பிறகு திரும்பி, குணலட்சுமியைப் பார்க்காமல் கனகாம்பிகையைக் கேட்டாள்.

"நீங்கள் கலியாணம் முடிச்சனீங்களோ, பிள்ளை?"

"இல்லை."

"ம்," என்றாள் சிவக்கொழுந்து. படலையைச் சாத்திக்கொண்டு போனாள். குடத்துத் தண்ணீர் தளும்பி வழி நெடுக விழுந்தது.

அருளம்பலம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "எல்லாம் போச்சு. என்னாலை போச்சு."

"உம்மாலை இல்லை," என்றாள் கனகாம்பிகை. "என்னாலை."

அவள் அதைச் சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை, மறுக்கவும் கூடாது. பரமலிங்கம் மட்டும் ரப்பர் பையைச் சுருட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு என்ன சொல்லுறது என்று கேட்டார். அனுப்ப ஒண்டும் இல்லை எண்டு சொல்லுங்கோ என்றாள். சொன்ன பிறகு அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

குணலட்சுமி கொட்டின மாவை மண் படாத இடத்தில் இருந்து அள்ளிக்கொண்டிருந்தாள். அள்ளியபடியே கேட்டாள்.

"மிஸ், இனி ஒளிக்கிறதுக்கு ஆருமில்லை. அண்ணையின்ரை இடத்திலை என்னைச் சேர்ப்பீங்களோ? எனக்கு மருந்து வேணும். துலா மிதிக்கச் சொன்னால் மிதிப்பன்."

"ஊசி போட்டாச்சு. முதல் சாப்பிடும்," என்றாள் கனகாம்பிகை.

சொல்லிக்கொண்டு எழும்பியவளுக்கு நிலம் கொஞ்சம் ஆடியது. விரல்கள் நடுங்கின. காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு போட்ட ஊசிக்குப் பிறகு அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை, வெளிக்கிட்ட அவசரத்திலும் பட்ட பாட்டிலும் மறந்தே போனாள். கைப்பைக்குள் கடதாசியில் இன்னும் ஒரு துண்டு பனங்கட்டி கிடந்தது. வழக்கப்படி களவாகத் தின்ன வேலிப் பக்கம் திரும்பப் போனாள். பிறகு அப்படியே நின்று, பரமலிங்கம் பார்க்க, அண்ணனும் தங்கச்சியும் பார்க்க, அதை நறுக்கென்று கடித்தாள்.